சொந்த சி லைப்ரரியில் டைமர் எழுதுவது எப்படி

லினக்ஸுக்காக ஒரு சி லைப்ரரி எழுதிக்கொண்டே டைமரை உருவாக்கும் டைமர்_கிரியேட் ஃபங்ஷன் வரை வந்துவிட்டீர்கள் என்றால், முதலில் மனதில் வைக்க வேண்டியது: நேரத்தை எண்ணுவது உங்கள் வேலையே இல்லை, லினக்ஸ் 2.6 காலத்திலிருந்து கெர்னலே (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதைப் பார்த்துக்கொள்கிறது. டைமர்_செட்டைம், டைமர்_கெட்டைம், டைமர்_கெட்ஓவர்ரன் எல்லாம் கிட்டத்தட்ட நேரடி சிஸ்டம் கால்தான், அதாவது வேலையை அப்படியே கெர்னலிடம் கேட்பது.

தலைவலி சிக்இவி_த்ரெட் என்ற அறிவிப்பு முறைதான். நேரம் வந்ததும் என் ஃபங்ஷனைத் தனி த்ரெட்டில் (பிராசஸுக்குள் தனியாக ஓடும் இழை) ஓட்டு என்று கேட்கலாம் என்கிறது போசிக்ஸ், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலை. ஆனால் கெர்னலுக்கு சிக்னல் அனுப்பத்தான் தெரியும்.

மசல் என்ற லினக்ஸ் சி லைப்ரரியின் வழி எனக்குப் பிடிக்கும், டைமருக்கு ஒரு த்ரெட். ஆப் தொடாதபடி சிக்னல் 32-ஐ ஒதுக்கிக்கொள்ளுங்கள். அதை பிளாக் செய்துவிட்டுத்தான் (வந்தாலும் உடனே செயல்படாமல் காத்திருக்க வைத்துவிட்டுத்தான்) த்ரெட்டைத் தொடங்க வேண்டும், மறந்தால் முதல் டிக்கிலேயே மொத்த பிராசஸும் செத்துவிடும். அப்புறம் அந்த த்ரெட்டின் எண்ணை சிக்இவி_த்ரெட்_ஐடியோடு (சிக்னலைக் குறிப்பிட்ட ஒரு த்ரெட்டுக்கே அனுப்பச் சொல்லும் முறை) கெர்னலிடம் கொடுத்து டைமரை உருவாக்கி, கிடைத்த டைமர் எண்ணை த்ரெட்டிடம் சேர்த்த பிறகே அதை ஓட விடுங்கள். த்ரெட், சிக்னல் வரும்வரை காத்திருக்கும் சிக்வெயிட்இன்ஃபோ ஃபங்ஷனில் உட்கார்ந்திருக்கும், சிக்னல் வந்தால் ஃபங்ஷனைக் கூப்பிடும், திரும்பவும் உட்காரும், அவ்வளவுதான்.

சரி, ஆப்பிடம் எதைத் திருப்பிக் கொடுப்பது? சாதாரண டைமருக்குக் கெர்னல் எண்ணே போதும். த்ரெட் டைமருக்கு த்ரெட் பாயிண்டரை ஒரு பிட் வலப்பக்கம் நகர்த்தி, மேல் பிட்டை 1 ஆக்குங்கள். மதிப்பு நெகட்டிவ் என்றால் த்ரெட் டைமர், இடப்பக்கம் நகர்த்தினால் பாயிண்டர் கிடைத்துவிடும் (கடைசி பிட் எப்படியும் 0 என்பதால் நஷ்டமில்லை). இங்கே ஒன்று: கெர்னல் தரும் முதல் எண் 0 ஆகவே இருக்கலாம், அதை நல் (வெற்று) பாயிண்டர் என்று நினைத்து எரர் கொடுத்துவிடாதீர்கள்.

டைமர்_டெலீட்டில் கெர்னல் டைமரை மட்டும் அழித்தால் தூங்கும் த்ரெட் எழவே எழாது. அழிந்ததாக அடையாளம் வைத்து அதே சிக்னலை அனுப்புங்கள், த்ரெட்டே எழுந்து டைமரை அழித்துவிட்டு வெளியேறட்டும்.

ஆப்பின் ஃபங்ஷன், த்ரெட்டையே முடித்துவிடும் பித்ரெட்_எக்சிட் போட்டால்? ஒரே த்ரெட்டும் போய் டைமர் ஊமையாகிவிடும், அதனால் கிளீனப் ஹேண்ட்லர் (த்ரெட் முடியும்போது ஓடும் ஃபங்ஷன்) வைத்து, முன்பு குறித்த இடத்துக்குத் தாவும் லாங்ஜம்ப்பில் லூப்புக்குத் திரும்புங்கள். ஆட்கள் அப்படி எழுதவே மாட்டார்கள் என்று நம்பாதீர்கள், எழுதுவார்கள்.

ஃபோர்க்கில் (பிராசஸைப் பிரதியெடுக்கும் கால்) கவலையில்லை, குழந்தை பிராசஸுக்கு டைமர்கள் போகாது.

முடித்ததும் 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அடிக்கும் டைமர் வைத்து, ஃபங்ஷனுக்குள் 10 மில்லிசெகண்ட் தூங்கிப் பாருங்கள். இரண்டாவது முறையிலிருந்து ஓவர்ரன் (தவறவிட்ட டிக்குகளின் எண்ணிக்கை) 9-ஐ ஒட்டி வரவேண்டும். எப்போதும் 0 வந்தால் தவறான டைமர் எண்ணைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.