தரங்கம்பாடிக்கு ஒரு முழு நாள் குடுங்க

திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம், பந்தி முடிஞ்சதும் எல்லாரையும் வேன்ல ஏத்தி, பக்கத்துலதானே ஒரு எட்டு பாத்துட்டு போயிடலாம்னு மதியம் ரெண்டு மணி வெயில்ல கோட்டை முன்னாடி இறக்கி விடுவாங்க, அரை மணி நேரம், நாலு செல்ஃபி, திரும்ப வேன். நிறைய பேர் பாத்த தரங்கம்பாடி இதுதான். நானும் மொத தடவை எங்க மாமா கல்யாணத்துக்கு போயிட்டு இப்படித்தான் பாத்தேன், அன்னைக்கு வெள்ளிக்கிழமை வேற, கோட்டை மியூசியத்துக்கு லீவு, வாசல்லயே நின்னுட்டு வந்தோம். அப்புறம் தனியா போய் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் நடந்து பாத்தப்பதான் அந்த ஊர் என்னன்னே புரிஞ்சுது. அதனால சொல்றேன், வெள்ளிக்கிழமையை விட்டுட்டு ஒரு நாள் முழுசா ஒதுக்குங்க.

மயிலாடுதுறை வரைக்கும் ரயில், அங்கேர்ந்து பஸ்ல சுமார் 30 கிலோமீட்டர். காரைக்கால்ல தங்கினா இன்னும் பக்கம், 15 கிலோமீட்டர்தான் இருக்கும். முந்தின நாள் ராத்திரியே வந்து தங்கிடுங்க, ஏன்னா இந்த ஊருக்கு விடியக்காலைதான் நேரம். ஜனவரி, பிப்ரவரி நல்லது, ஐப்பசி கார்த்திகை மழைல வந்தா கடல் பக்கமே நிக்க முடியாது.

எல்லாரும் கோட்டையில ஆரம்பிப்பாங்க, நீங்க மாசிலாமணிநாதர் கோயில்ல ஆரம்பிங்க. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல 1306ல கட்டினது, டென்மார்க்ல இருந்து டேனிஷ்காரங்க வர்றதுக்கு முன்னூறு வருஷத்துக்கும் முன்னாடி. அங்க இருக்குற கல்வெட்டுல ஊர் பேரு சடங்கன்பாடின்னு இருக்கு. கோயிலோட முன்பக்கத்தை கொஞ்சம் கொஞ்சமா கடல் தின்னுடுச்சு, இப்ப நீங்க பாக்குறதுல புதுசா எடுத்துக் கட்டினதும் இருக்கு. கடலுக்கும் கோயிலுக்கும் நடுவுல பெரிய பெரிய பாறாங்கல்லா கொட்டி வச்சிருக்காங்க, அந்தக் கல்லு மேல அலை அடிக்கிறதையும் பின்னாடி சூரியன் ஏறுறதையும் பாத்துக்கிட்டே ஒரு அரை மணி நேரம் சும்மா நில்லுங்க. குளிக்க மட்டும் இறங்காதீங்க, கல்லுக்கு நடுவுல இழுவை ஜாஸ்தி.

கோட்டை திறந்ததும் மொத ஆளா உள்ள போயிடுங்க, பதினோரு மணிக்கு மேல மேல்தளத்துல கால் வைக்க முடியாது. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் 1620ல டென்மார்க் ராஜாவுக்கு வியாபாரம் பண்ண இடம் குடுத்தார், ஓவ் ஜெட்டேங்கிற டேனிஷ் கப்பல் தளபதி வந்து இந்த டான்ஸ்போர்க் கோட்டையை கட்டினார். நாயக்கர் தங்கத் தகட்டுல தமிழ்ல எழுதி அனுப்பின கடிதம் இன்னைக்கும் கோபன்ஹேகன்ல இருக்கு. கீழ்தளத்து கிடங்கு ரூமுங்களை அவசரப்படாம பாருங்க, வளைஞ்ச கூரை, சின்ன ஜன்னல், சரக்கும் வச்சிருக்காங்க, ஆளையும் அடைச்சிருக்காங்க. சீகன்பால்கையே 1708ல இங்க இருந்த டேனிஷ் கமாண்டர் நாலு மாசம் இந்தக் கோட்டையில அடைச்சு வச்சார். கிறிஸ்தவ மதத்தைப் பரப்ப 1706ல கப்பல்ல வந்து இறங்கின அந்த ஜெர்மன் பாதிரியார், திண்ணைப் பள்ளிக்கூடத்துல பசங்களோட உக்காந்து மணல்ல விரலால எழுதி தமிழ் கத்துக்கிட்டவர்.

கோட்டையை விட்டு வெளிய வந்தா ராஜா வீதி, ஆங்கிலத்துல கிங்ஸ் ஸ்ட்ரீட், கடல்ல இருந்து மேற்கால ஊர் வாசல் வரைக்கும் நேரா ஓடுது. ஒரு மணி நேரம் வச்சுக்கோங்க. 1701ல கட்டின சீயோன் சர்ச், எதிர்ல புது எருசலேம் சர்ச், அதோட முகப்புல டென்மார்க் ராஜா நாலாம் ஃப்ரெடெரிக்கோட முத்திரையும் 1718ங்கிற வருஷமும் இருக்கும், அதைத் தேடிப் பாருங்க. சர்ச் கட்டி முடிச்ச அடுத்த வருஷமே சீகன்பால்க் இறந்துட்டார், 36 வயசு, உள்ள பீடத்துக்கு முன்னாடிதான் அவர் கல்லறை. வீதி முடியிற இடத்துல இருக்குற வெள்ளை வாசல் 1792ல கட்டினது.

அட்மிரல் ஸ்ட்ரீட்ல சீகன்பால்க் வீடு இருக்கு, சரி பண்ணி 2017ல மியூசியமா திறந்தாங்க. எனக்கு இந்த ஊர்லயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஜெர்மனில இருக்குற ஹாலேங்கிற ஊர்ல இருந்து வந்த தமிழ் அச்செழுத்து ரொம்பப் பெருசா இருந்ததால பேப்பர் எக்கச்சக்கமா செலவாகும்னு, இங்கிலாந்துல இருந்து வந்த சீஸ் டப்பாவோட ஈயத்தை உருக்கி இங்கயே சின்ன எழுத்து வார்த்து, 1715ல புதிய ஏற்பாட்டை தமிழ்ல முழுசா அச்சடிச்சு முடிச்சாங்க. இந்திய மொழிகள்ல அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். நம்ம எழுத்தை கையால ஒவ்வொண்ணா கோத்த ஊருன்னு நெனைக்கிறப்ப எனக்கு இன்னும் சிலிர்க்குது.

மதியம் சாப்பாட்டுக்கு ஊருக்குள்ள பெருசா எதையும் எதிர்பாக்காதீங்க. பழைய கலெக்டர் பங்களாவை ஹோட்டலா மாத்தியிருக்காங்க, அங்க சாப்பிடலாம், விலை கூட. இல்லன்னா பொறையார் பக்கம் போய் மீன் குழம்போட ஒரு சாப்பாடு சாப்பிட்டு வாங்க. தண்ணி பாட்டில் ரெண்டு கையில இருக்கட்டும்.

வெயில் சாஞ்சதும் கோல்ட்ஸ்மித் ஸ்ட்ரீட் போங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் பழைய கட்டடங்களைக் காப்பாத்துற இன்டாக் அமைப்பு இந்தத் தெருவுல இருந்த சாதாரண வீடுகளை எடுத்து பழைய முறையிலயே சரி பண்ணிச்சு, மாளிகைங்களை மட்டும் பாத்துட்டு போயிடாம இதையும் பாக்கணும்னு நான் சொல்றதுக்குக் காரணம் இதுதான். திண்ணை, மரத்தூண், நாட்டு ஓடு. சுவத்துல உள்ளங்கையை வச்சுப் பாருங்க, சுண்ணாம்புக் காரை பூசின சுவர் வெயில்லயும் ஜில்லுனு லேசா மாவு ஒட்டுற மாதிரி இருக்கும். கடல் காத்துல வர்ற உப்பும் ஈரமும் செங்கல்லுக்குள்ள போயிட்டு அந்தக் காரை வழியா வெளிய வந்துடும். அதே மாதிரி பழைய வீட்டுல சிமெண்ட் பூசினதைப் பாருங்க, ஈரம் உள்ளயே மாட்டிக்கிட்டு உப்பிப் போய் தட்டு தட்டா பேந்து நிக்கும், உள்ள செங்கல் பொடிப்பொடியா உதிரும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பாத்தா பழுது பாக்குறதுன்னா என்னன்னு யாரும் சொல்லித் தரவே வேணாம். ஆனா ஒண்ணு, இதெல்லாம் ஆளுங்க குடியிருக்குற வீடு, திண்ணையில ஏறி போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, கேட்டா பெரும்பாலும் உள்ளயே கூப்பிட்டு முற்றம் காட்டுவாங்க, எனக்கு ஒரு பாட்டி மோர் குடுத்து அவங்க வீட்டு சுவத்துல சுனாமித் தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சுன்னு கையை வச்சுக் காட்டினாங்க, என் தோள் உயரம் இருந்துச்சு.

அங்கேர்ந்து கோட்டை முன்னாடி மைதானத்துக்கு வந்துட்டா சாயங்காலம் காத்து பிரமாதமா இருக்கும். இருட்டுறதுக்குள்ள மயிலாடுதுறை பஸ்ஸைப் பிடிச்சிடுங்க. பொறையார் பக்கம் கடுதாசிப்பட்டறைன்னு ஒரு இடம் இருக்கு, சீகன்பால்க் ஆளுங்களோட அச்சகத்துக்கு வேண்டிய பேப்பரை அங்கதான் செஞ்சாங்க, பட்டறை போய் ரொம்ப காலம் ஆச்சு, பேரு மட்டும் இன்னும் அப்படியே இருக்கு. கண்டக்டர்கிட்ட கேட்டா காட்டுவார்.