ஆண் சாயலும் பெண் சாயலும் சேர்ந்த முகம்: பந்துமூட்டு பொம்மையில் இருபால் தோற்றம் அமைப்பது எப்படி

இருபால் தோற்றத்துக்காகப் பலர் முதலில் செய்வது, இருப்பதை எல்லாம் குறைப்பதுதான். புருவத்தை வெளிறச் செய்வார்கள், உதட்டு நிறத்தை எடுப்பார்கள், இமைமயிரைக் கழற்றுவார்கள், ஒரு சாம்பல் நிறச் சட்டையை மாட்டிவிடுவார்கள். ஆண் அடையாளமும் போய்விடும், பெண் அடையாளமும் போய்விடும். மிஞ்சுவது ஒரு குழந்தை முகம். பிஜேடி எனச் சுருக்கமாகச் சொல்லப்படும் பந்துமூட்டு பொம்மைகளின் கண் மனித அளவைவிடப் பெரியது. மூக்கும் வாயும் சிறியவை. தலையும் உடலுக்குச் சற்றுப் பெரியது. இவை மூன்றுமே குழந்தைச் சாயல் தருபவை. பால் அடையாளங்களை அழித்தால் அந்தச் சாயல் மட்டும்தான் கண்ணில் படும்.

ஆகவே வேலையை வேறு வரிசையில் தொடங்க வேண்டும். முதலில் பொம்மை வளர்ந்த ஆள் என்பதை உறுதிப்படுத்துங்கள்: நீண்ட மூக்கு, தெரியும் தாடை, நீண்ட கழுத்து, பெரிய கை. அதன்பின் ஆண் பக்கத்திலிருந்து ஓரிரண்டு அடையாளம், பெண் பக்கத்திலிருந்து ஓரிரண்டு அடையாளம் எடுத்து, இரண்டையும் அழுத்தமாகவே வையுங்கள். பார்ப்பவருக்கு முடிவு சொல்ல முடியாமல் போவது அப்போதுதான்.

கியோட்டோவைச் சேர்ந்த வோல்க்ஸ் நிறுவனம் 1999இல் சூப்பர் டால்ஃபி என்ற பந்துமூட்டு பொம்மை வரிசையை வெளியிட்ட காலத்திலிருந்தே இந்தத் துறையில் இதற்கு இடம் இருக்கிறது. ஆண் பொம்மைகள் வந்தபோது அவற்றின் முகமும் ஜப்பானியப் பெண்கள் படக்கதைகளில் வரும் மெலிந்த இளைஞனின் சாயலில்தான் அமைந்தது. இன்றும் கொரிய, சீன நிறுவனங்கள் பல ஒரே தலையை ஆண் உடலோடும் பெண் உடலோடும் விற்கின்றன. தலை வாங்கும்போது அந்தத் தலையின் இரண்டு விதப் படங்களும் கிடைக்கிறதா என்று தேடுங்கள். இரண்டு உடலிலும் இயல்பாக உட்காரும் தலைதான் நமக்கு ஏற்றது.

உடலும் கழுத்தும்

உடலைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அளவுப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இடை அளவுக்கும் இடுப்பு அளவுக்கும் எவ்வளவு வித்தியாசம், தோள் அகலம் எவ்வளவு, கழுத்துச் சுற்றளவு எவ்வளவு என்ற மூன்றும் போதும். இடை–இடுப்பு வித்தியாசம் குறைவாகவும் தோள் மிக அகலமில்லாமலும் இருக்கும் மெலிந்த ஆண் உடல்தான் பெரும்பாலும் எளிதான தொடக்கம். மார்பு சிறிதாக உள்ள பெண் உடலும் நன்றாக வரும். ஐபிள்ஹவுஸ் என்ற கொரிய நிறுவனத்தின் இஐடி வரிசை போல, தசையும் வளைவும் தெளிவாகச் செதுக்கப்பட்ட உடல்கள் அழகானவை. ஆனால் உடையால் மறைத்தாலும் அவை பாலைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு நிறுவனத்தின் தலையை இன்னொரு நிறுவனத்தின் உடலில் பொருத்தினால் இரண்டு சிக்கல் வரும். ஒன்று கழுத்து. உடலின் கழுத்து தலையின் அடித்துளையைவிடத் தடித்திருந்தால் தலை மேலே எம்பி நிற்கும். மெலிந்திருந்தால் ஆடும், தாடைக்குக் கீழே இடைவெளி தெரியும். இரண்டாவது, பொம்மையை வார்க்கும் பிளாஸ்டிக்கான ரெசினின் நிறம். ‘நார்மல் ஸ்கின்’ என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் நிறம் வேறு. ஒரே நிறுவனத்திலும் வார்ப்புக்கு வார்ப்பு மாறும். போதாததற்குப் பழைய ரெசின் மஞ்சளடித்திருக்கும். பழைய தலையைப் புதிய உடலில் வைக்க நினைத்தால், பகல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். கழுத்தை மறைக்கும் காலர் இந்த வித்தியாசத்தையும் மறைக்கும்.

கையைப் பலர் கவனிப்பதே இல்லை. முகத்துக்கு அடுத்தபடியாகப் பார்வை போவது கையில்தான். மென்மையான முகத்தோடு நீண்ட விரல் கொண்ட பெரிய கை வைத்தால், அந்த ஒரு மாற்றமே பாதி வேலையை முடித்துவிடும். கைகள் தனியாகவும் விற்கப்படுகின்றன. எஸ் கொக்கியில் மாட்டி, உடலுக்குள் ஓடும் எலாஸ்டிக்கோடு இணைக்கலாம். வாங்குமுன் மணிக்கட்டு உருண்டையின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். அது பெரிதாக இருந்தால் முன்கைக் குழிக்குள் உட்காராது.

கண்

60 செ.மீ. வகைப் பொம்மைகளுக்குப் பெரும்பாலும் 14 முதல் 16 மி.மீ. கண் போடுவார்கள். அதே 14 மி.மீ. கண்ணிலேயே கருவிழி பெரியதும் உண்டு, சிறியதும் உண்டு. கருவிழி மேல் இமையையும் கீழ் இமையையும் தொட்டுக்கொண்டு கண்ணை நிரப்பினால் குழந்தை முகம். மேலும் கீழும் வெள்ளை தெரிந்தால் திடுக்கிட்ட முகம். நமக்கு வேண்டியது சிறிய கருவிழி; அதன் மேல் கால் பங்கை இமை மூடியிருக்க வேண்டும், அடிப்பகுதி கீழ் இமையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். கண்ணின் விட்டத்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் ஓரத்தில் இடைவெளி விழும். அதனால் விட்டத்தைக் குறைப்பதைவிடக் கருவிழி சிறிய கண்ணைத் தேடுவதே சரி. பொருத்துவதற்குச் சிலிக்கோன் புட்டி நல்லது. எண்ணெய்ப் பசை உள்ள களிமண் நாளடைவில் ரெசினில் கறை விடும்.

தலையின் கண் திறப்பே பெரிதாக இருந்தால் மேல் இமையைப் புதிதாகக் கட்டலாம். இரண்டு பாகங்களைச் சம அளவில் பிசையும் அபாக்ஸி ஸ்கல்ப்ட் போன்ற எபாக்ஸி மாவு இதற்கு ஏற்றது. இமை விளிம்பை 220 எண் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, மெல்லிய திரியாக உருட்டிய மாவை உள்பக்கமிருந்து ஒட்டுங்கள். ஈர விரலால் வழித்து, திறப்பை ஒன்று ஒன்றரை மி.மீ. கீழே கொண்டுவாருங்கள். இறுக 24 மணி நேரம் விடுங்கள். விரைவாக இறுகும் குழாய் ஒட்டு மாவைப் பயன்படுத்தாதீர்கள்; இரண்டு கண்ணையும் ஒத்துப் பார்க்க அது நேரம் தராது. மாவின் நிறம் ரெசினோடு ஒட்டாது என்பதால் இந்த வேலை வண்ணம் பூசப்படும் முகத்துக்கு மட்டும்தான். உடலில் செய்தால் ஒட்டுப் போட்டதுபோல் தெரியும்.

தாடையைச் செதுக்க நினைப்பவர்களுக்கு: மாவு சேர்ப்பதைவிட ரெசினைத் தேய்த்துக் குறைப்பது பாதுகாப்பு, ஏனென்றால் நிறம் உள்வரை ஒன்றேதான். ஆனால் தலை உள்ளே வெற்று. உள்ளே விரல் விட்டுச் சுவரின் தடிமனைப் பார்த்த பிறகு தொடங்குங்கள். எப்போதும் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள். தூசி நுரையீரலுக்குக் கேடு, முகக்கவசம் கட்டாயம்.

ஃபேஸப்

ஃபேஸப் என்பது பொம்மையின் முகத்துக்கு வண்ணம் தீட்டுவது. தேவையானவை: மிஸ்டர் சூப்பர் கிளியர் யுவி கட் ஃபிளாட் ஸ்பிரே (பளபளப்பில்லாத பாதுகாப்புப் பூச்சு), சாக் வகை சாஃப்ட் பேஸ்டல் (எண்ணெய் பேஸ்டல் கூடாது), வாட்டர்கலர் பென்சில், அக்ரிலிக் வண்ணம், 000 அல்லது அதைவிட மெல்லிய தூரிகை, ஐசோபுரப்பைல் ஆல்கஹால், பஞ்சுக்குச்சி, மெலமைன் ஸ்பான்ஜ். கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் உள்ள ரெஸ்பிரேட்டரும் வேண்டும். துணி மாஸ்க்கும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் ஸ்பிரேயின் ஆவியைத் தடுக்காது.

தலையைக் கழற்றி விக்கையும் கண்ணையும் எடுத்துவிடுங்கள். பழைய வண்ணத்தை ஆல்கஹாலால் துடையுங்கள். அசிட்டோன் ரெசினின் மேற்பரப்பையே மங்கச் செய்யும், அதைத் தொடாதீர்கள். வார்ப்புக் கோடு (அச்சின் பாகங்கள் சேர்ந்த இடத்தில் எழும் கோடு) இருந்தால் 400, 800, 1200 என்று உப்புத்தாளை மாற்றி ஈரத்தில் தேயுங்கள். சோப்பில் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். பிறகு 20 முதல் 30 செ.மீ. தள்ளி நின்று மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை ஸ்பிரே செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை மணி நேரம். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் போனால் பூச்சு வெள்ளை பூத்துப் பனி படிந்ததுபோல் ஆகிவிடும். சென்னை, நாகை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பத மீட்டர் இல்லாமல் இதைத் தொடங்கவே வேண்டாம். லேசாகப் பூத்திருந்தால் உலர்ந்த நாளில் இன்னொரு மெல்லிய பூச்சுப் போட்டாலே பெரும்பாலும் தெளியும். அடர்த்தியாகப் பூத்திருந்தால் துடைத்துவிட்டு முதலிலிருந்துதான்.

முதல் சுற்று பேஸ்டல். கன்னத்தின் உருண்டைமேல் சிவப்பு வைத்தால் பெண் சாயலும் குழந்தைச் சாயலும் சேர்ந்து வந்துவிடும். அதைக் கன்ன எலும்புக்குக் கீழே, காதை நோக்கி, சாம்பல் கலந்த பழுப்பில் வையுங்கள். மூக்கின் இரு பக்கமும், புருவ எலும்புக்கு அடியிலும், கீழுதட்டுக்குக் கீழேயும் அதே நிழல். மூக்கின் நிழல் புருவம்வரை தொடர்ந்தால் மூக்கு நீண்டு தெரியும், வயதும் கூடித் தெரியும். இந்த அளவு ஆண் பக்கம் போன பிறகு, மேல் இமை மடிப்பில் செம்பழுப்பை வெளி ஓரத்தைத் தாண்டி ஒன்றிரண்டு மி.மீ. இழுத்துவிடுங்கள், அது பெண் பக்கத்துக்கு. ஸ்பிரே பூசிக் காயவிட்டுத்தான் அடுத்த சுற்று. ஒரே தடவையில் அடர்த்தி சேர்க்கப் பார்த்தால் தூள் திட்டுத் திட்டாக நிற்கும். மூன்று நான்கு மெல்லிய சுற்றில் வருவதே பதம்.

புருவத்தில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். தாழ்ந்த, நேரான, தடித்த புருவம் ஆண் சாயல். உயர்ந்து வளைந்து மெலிந்த புருவம் பெண் சாயல். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் போட்டால் உயிரில்லாத முகம்தான் வரும். ஒரே புருவத்தில் இரண்டையும் வையுங்கள்: மூக்குப் பக்கப் பாதி நேராகவும் தடிப்பாகவும் கண்ணுக்கு நெருக்கமாகவும் இருக்கட்டும், வால் பகுதி மெலிந்து நீண்டு லேசாக மேலேறி முடியட்டும். வெளிறிய பென்சிலால் தொடக்கம், திருப்பம், முடிவு என்று மூன்று புள்ளி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மூக்குப் பக்க மயிர்கள் செங்குத்தாக நிற்கும், போகப்போகச் சாயும், வாலில் படுத்துவிடும். இடது புருவத்தை முழுக்க முடித்துவிட்டு வலதுக்குப் போகாதீர்கள். இங்கே நாலு கோடு, அங்கே நாலு கோடு. அடிக்கடி தலையைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். நேரில் தெரியாத கோணல் கண்ணாடியில் உடனே தெரியும். நிறம் விக்கைவிட ஒரு படி வெளிறியதாக இருக்கட்டும்.

உதட்டின் வெளிக்கோட்டை வரையாதீர்கள். நடுக்கோடும் இரு ஓரமும் அடர்த்தி, மற்ற இடமெல்லாம் ரெசின் நிறத்துக்கு நெருங்கிய ரோஜாப் பழுப்பு. பளபளப்பு வேண்டுமானால் கீழுதட்டின் நடுவில் மட்டும். மேல் இமைமயிரை ஒட்டுவதானால் கறுப்பைத் தவிர்த்துப் பழுப்பை எடுத்து, நீளத்தில் பாதியை வெட்டிவிடுங்கள். கீழ் இமையில் வெளி ஓரத்தில் மூன்று நான்கு கோடு போதும்.

விக், உடை

தலைச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து விக் வாங்குங்கள், 60 செ.மீ. பொம்மைகள் பலவற்றுக்கு 8–9 அங்குலம் பொருந்தும். அடர்ந்த விக் தலையைப் பெரிதாக்கும், மறுபடியும் குழந்தைச் சாயல் எட்டிப்பார்க்கும். உள் அடுக்கை மெலிதாக்கும் கத்தரியால் குறைத்துவிடுங்கள். தாடைக்கும் காறை எலும்புக்கும் இடைப்பட்ட நீளம், ஒரு காது வெளியே தெரியும் பக்க வகிடு, இரண்டும் நன்றாக ஒத்துப்போகும். அடர்நிற விக்குக்கு அடியில் சிலிக்கோன் தொப்பி போட்டால் நழுவாது, மண்டையில் சாயமும் இறங்காது.

உடையில் பார்க்க வேண்டியது தோள் தையல். ஆண் உடலின் தோளைக் குறைக்க, தையலைத் தோள் முனையிலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். பெண் உடலுக்கு அதே தையலை வெளியே இறக்கி, உள்ளே மெல்லிய பஞ்சு வையுங்கள். மார்பைச் சமன்படுத்த நைலான் காலுறையை வெட்டிய குழாய் போதும், இறுக்கிக் கட்ட வேண்டியதில்லை. தொடையின் நடுவரை வரும் திறந்த மேலங்கி இடுப்பு அளவை மறைக்கும். துணி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. தடித்த துணி இந்த அளவில் உடலையே மூட்டையாக்கிவிடும். கறுப்பும் சிவப்பும் ரெசினில் சாயம் ஏற்றும். முதலில் நிறம் போகும்வரை அலசுங்கள், அடியில் வெள்ளை நைலான் உள்ளுடை போடுங்கள், மாட்டியபடியே நாள்கணக்கில் விடாதீர்கள். ஏறிய கறையை மெலமைன் ஸ்பான்ஜ் ஓரளவு எடுக்கும், ஆனால் அதுவும் ஒரு மெல்லிய உப்புத்தாள்தான்.

சரிபார்ப்பது

கேமராவை மார்பு உயரத்தில் வையுங்கள். மேலிருந்து எடுத்தால் நெற்றியும் கண்ணும் பெருத்துத் தெரியும், தாடை மறைந்துவிடும். ஃபோனை மிக அருகில் கொண்டுபோனால் மூக்கு சிதையும். ஒரு மீட்டர் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். பொம்மையைப் பார்த்திராத சிலரிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். எல்லோரும் ஒரே பாலைச் சொன்னால் ஃபேஸப்பைத் துடைக்க அவசரப்படாதீர்கள். வகிட்டை மாற்றிப் பாருங்கள், பிறகு காலரைத் திறந்தோ மூடியோ பாருங்கள், அதன்பின் கண்ணின் கோணத்தை லேசாகத் திருப்புங்கள். இவை எல்லாம் செய்தும் ஒரு பக்கமே சாய்ந்தால், மாற்ற வேண்டியது புருவத்தின் மூக்குப் பக்கப் பாதியை. அதை மட்டும் ஈரப் பஞ்சுக்குச்சியால் எடுத்து மறுபடி வரையலாம். கடைசி ஸ்பிரேயை இந்தச் சோதனை முடியும்வரை அடிக்காமல் வைத்திருப்பது அதற்காகத்தான்.