வாதி ரம் பாலைவனத்தில் பெதூயின் குடும்பத்தாரிடம் தங்குவது எப்படி?

ஜோர்டானின் தெற்குக் கோடியில், அகபா துறைமுகத்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் வாதி ரம் வந்துவிடும். செம்மணலும் மணற்பாறை மலைகளுமாக ஏறத்தாழ 740 சதுர கிலோமீட்டர். 2011-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. பழம்பெரும் பாறை நகரமான பெத்ராவிலும் வாதி ரமிலும் வாழும், பாலைவன நாடோடி மரபினரான பெதூயின்களின் பண்பாட்டை அதற்கும் முன்னாலேயே, 2005-ல், தனியாக அங்கீகரித்திருந்தது. பாறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் பார்த்ததாக ஆகும்.

இங்கே முகாம் நடத்துபவர்களில் பெரும்பாலோர் ரம் கிராமத்து ஸலாபியா, அருகிலுள்ள தீஸி கிராமத்து ஸுவைதா குழுக்களைச் சேர்ந்தவர்கள். உங்கள் பணம் அவர்கள் கைக்குப் போகுமா, நடுவிலேயே கரைந்துவிடுமா என்பது முன்பதிவு செய்யும் அன்றே முடிவாகிவிடும். அதனால் முதல் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

படி 1: முகாமைத் தேர்ந்தெடுப்பது

முன்பதிவுத் தளங்களில் ஓர் இரவுக்கு வியப்பூட்டும் அளவு குறைந்த வாடகை தெரியும். அந்த விலையில் கூடாரத்தையும் படுக்கையையும் பராமரிக்கவே முடியாது. ஜீப் சுற்றில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கில்தான் அப்படி விலை போடுகிறார்கள். விவரம் தெரியாதவர் அறையை ஓரிடத்திலும் ஜீப்பை வேறிடத்திலும் பதிவு செய்துவிட்டு வந்து நிற்பார். அன்று மாலை இரு தரப்புக்கும் மனக்கசப்பு. இரவுத் தங்கல், சாப்பாடு, ஜீப் மூன்றையும் ஒரே குடும்பத்திடம் பேசி முடியுங்கள்.

வாட்ஸ்அப்பில் முதல் செய்தியிலேயே இவற்றைக் கேளுங்கள்:

- முகாம் யாருடையது? நடத்துபவர் எந்த ஊர்க்காரர்?
- பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே தீஸி பக்கமா? பளபளக்கும் குமிழிக் கூடாரங்கள் பெரும்பாலும் வெளியேதான் இருக்கின்றன.
- ஜீப் எத்தனை மணி நேரம் ஓடும், எந்தெந்த இடங்களில் நிற்கும்? கட்டணம் ஆளுக்கா, வண்டிக்கா?
- தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குப்பை எங்கே போகிறது?

கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வந்தால் அந்த முகாமை நம்பலாம். தீஸி நிலத்தடி நீர் பல்லாயிரம் ஆண்டு பழையது. மழையால் மீண்டும் நிரம்புவது மிகச் சொற்பம். 2013 முதல் அதைக் குழாய் வழியாகத் தலைநகர் அம்மானுக்கும் கொண்டுபோகிறார்கள். நீச்சல் குளம் இருப்பதாக விளம்பரம் செய்யும் முகாமைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 2: கிளம்பும் முன்

மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் இறுதியிலிருந்து நவம்பர் வரையும் ஏற்ற காலம். கோடையில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் பூஜ்ஜியத்துக்கும் கீழே இறங்கும். பாலைவனம் என்றால் எப்போதும் சூடு என்று நினைத்து மெல்லிய சட்டையோடு போய் நடுங்குபவர்கள் நிறையப் பேர்.

வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 5 தினார். விசாவும் சுற்றுலா இடங்களின் நுழைவும் சேர்ந்த ஜோர்டான் பாஸ் இருந்தால் அது தேவையில்லை. முகாமில் கார்டு செல்லும் என்று நம்ப வேண்டாம். அகபாவிலோ பெத்ராவை ஒட்டிய வாதி மூஸா ஊரிலோ பணம் எடுத்துக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மறையும் தளர்ந்த உடை, டார்ச் லைட், திரும்ப நிரப்பக்கூடிய தண்ணீர் பாட்டில், ஒரு குப்பைப் பை ஆகியவற்றை மறக்க வேண்டாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

படி 3: மணலில்

ஏற்கெனவே உள்ள தடத்தில் வண்டி ஓட்டச் சொல்லுங்கள். புதுத் தடம் போட்டால் ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் தீவனமாகும் புதர்கள் நசுங்கும். அங்கே ஒரு புதர் திரும்பத் தழைக்கப் பல ஆண்டுகள் ஆகும். பாறைகளில் சுமார் 25,000 செதுக்கோவியங்களும் 20,000 எழுத்துப் பொறிப்புகளும் உள்ளன. அவற்றில் சில உள்ள கஸாலி என்ற குறுகிய மலைப் பிளவுக்குள் போகும்போது எழுத்துகளை விரலால் தடவாதீர்கள், படம் தெளிவாக விழுவதற்காக நீர் தெளிக்காதீர்கள். மழை மேகம் தெரிந்தால் குறுகிய பிளவுக்குள் போகவே கூடாது.

ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களைத்தான் முதலில் ஊன்றும். நீங்கள் முன்னால் சரிவீர்கள். அதனால் உடலைப் பின்னுக்குச் சாய்த்துச் சேணத்தின் முன்கொம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். உட்காரும்போது முன்னங்கால்கள் முதலில் மடங்கும். அப்போதும் பின்னுக்குத்தான் சாய வேண்டும். முதல் தடவைக்கு ஒரு மணி நேரம் போதும். சேணத்தின் அடியில் புண் இருக்கும் ஒட்டகத்தில் ஏற மறுத்துவிடுங்கள்.

படி 4: கூடாரமும் காபியும்

ஆட்டு ரோமக் கூடாரத்தை 'பைத் அஷ்-ஷஅர்' என்பார்கள், ரோம வீடு என்று பொருள். நெய்பவர்கள் பெண்கள். வெயிலில் இழைகள் தளர்ந்து காற்றை விடும். நனைந்ததும் உப்பி இடைவெளியை அடைத்துவிடும். விருந்தினர் பகுதிக்கு 'ஷிக்' என்று பெயர். தடுப்புத் திரைக்கு அப்பால் இருப்பது குடும்பத்தின் இடம். அழைப்பில்லாமல் அங்கே போகக் கூடாது.

காபியில் சர்க்கரை இருக்காது, ஏலக்காய் மணக்கும். கைப்பிடியில்லாத சிறு கிண்ணத்தில் அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவார்கள். அதைக் கஞ்சத்தனம் என்று எண்ணிவிட வேண்டாம். விளிம்புவரை ஊற்றினால்தான் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம். வலக்கையால் வாங்குங்கள். வெறும் கிண்ணத்தைப் பேசாமல் நீட்டினால் மறுபடியும் ஊற்றுவார்கள். போதும் என்றால் கிண்ணத்தை இடமும் வலமுமாக லேசாக ஆட்டி, 'தாயிமே' என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள். உங்கள் வீட்டில் இது என்றும் இருக்கட்டும் என்று வாழ்த்தும் சொல் அது.

படி 5: ஸர்ப், மணலுக்கடியில் வேகும் விருந்து

மணலில் புதைத்த உலோகத் தொட்டியில் விறகை எரித்துத் தணலாக்கி, அடுக்குத் தட்டில் இறைச்சி, கோழி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் வைத்து இறக்குவார்கள். மூடி போட்டு, கம்பளி விரித்து, மேலே மணல் கொட்டுவார்கள். எங்காவது ஆவி கசிந்தால் அந்த இடத்தில் இன்னும் ஒரு வாரி மணல். வேக இரண்டு மணி நேரமாவது ஆகும். படம் எடுக்கத் திறந்து காட்டும்படி நடுவில் கேட்காதீர்கள். காற்றுப் பட்டால் தணல் திரும்பப் பற்றும், மேல்புறம் கருகி உள்ளே வேகாமல் போகும்.

சைவ உணவுக்காரர்கள் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். எல்லாம் ஒரே தொட்டியில் வேகும், மூடிய பிறகு பிரிக்க வழியில்லை. முன்கூட்டித் தெரிந்தால் காய்களைத் தனியாகச் சமைத்துத் தருவார்கள். ரமலான் மாதமென்றால் பகலில் வழிகாட்டியின் எதிரே சாப்பிடுவதையும் குடிப்பதையும் தவிர்ப்பது மரியாதை.

படி 6: படம், பரிசு, பணம்

பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் படமெடுக்க வேண்டாம். 'வேண்டாம்' என்றால் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள், இரண்டாம் முறை கேட்காதீர்கள். குழந்தைகளுக்கு மிட்டாயோ காசோ கொடுத்தால் பள்ளியை விட்டுவிட்டு ஜீப்புக்குப் பின்னால் ஓடும் பழக்கம் வரும். எதுவும் கொடுக்க விரும்பினால் பெற்றோரிடம் கேளுங்கள். பெண்கள் நெய்த பொருளை அவர்களிடமே வாங்கினால் பேரம் பேசாதீர்கள். ஒரு விரிப்பில் பல வார உழைப்பு இருக்கிறது.

கணக்கை மறுநாள் காலையில், முகாமின் சொந்தக்காரர் கையிலேயே, பேசிய தொகைக்கு முடியுங்கள். டிரைவருக்கும் சமையல்காரருக்கும் தர நினைப்பதைத் தனித்தனியாக அவரவரிடம் கொடுங்கள். நிரம்பிய குப்பைப் பையை ஊர்வரை கூடவே எடுத்து வாருங்கள்.