ராக் பாடகர் மியூசிக்கல் மேடைக்கு வந்தா பண்ற தப்புகள்

பாண்ட்ல பாடிட்டு இருக்கிற ஒருத்தருக்கு மியூசிக்கல்ல, அதாவது பாட்டாலயே கதை சொல்ற மேடை நாடகத்துல, ரோல் கிடைச்சா முதல்ல தோணுறது "பாட்டுதானே, ரெண்டு மணி நேரம் விடாம கத்திப் பாடுற எனக்கு இது என்ன பெரிய விஷயம்" அப்படின்னுதான். பாதி தப்பு இந்த நெனப்புலதான் ஆரம்பிக்குது. ஒருநாள் ராத்திரி எவ்வளவு உச்சத்துக்குப் போறோம்ங்கிறது அங்க கணக்கே இல்ல, மறுநாள் மதியம் அதே பாட்டை அதே மாதிரி பாட முடியுதாங்கிறதுதான் கணக்கு. நியூயார்க்ல பெரிய தியேட்டர்கள் இருக்கிற பிராட்வேல வாரத்துக்கு 8 ஷோ. பெரும்பாலும் புதன் சனி ரெண்டு நாளும் மதியம் ஒண்ணு ராத்திரி ஒண்ணு. லீவு ஒரே நாள்.

இதை மறந்துட்டு ஆல்பத்தைக் கேட்டு ரோல் தயார் பண்றதுதான் நான் பார்த்ததுலயே பெரிய தப்பு. இயேசுவோட கடைசி நாட்களைச் சொல்ற ராக் மியூசிக்கல் ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார் எடுத்துக்கோங்க, 1970ல அது முதல்ல ஆல்பமாத்தான் வந்துச்சு, ஜீசஸ் குரல் டீப் பர்பிள்ங்கிற ராக் பாண்டோட பாடகர் இயன் கில்லன். கெத்செமனி தோட்டத்துல தனியா பாடுற பாட்டுல டெனர்னு சொல்ற உச்ச ஆண் குரலோட ஹை சி நோட்டுக்கும் மேல ஜி வரைக்கும் போய் ஒரு அலறல் அலறுவார், கேட்டா இன்னைக்கும் உடம்பு சிலிர்க்கும். ஆனா அது ஸ்டுடியோல பாடினது. 1971ல பிராட்வேல அந்த ரோல்ல நின்னவர் ஜெஃப் ஃபென்ஹோல்ட். ரெக்கார்டிங்ல ஒரு தடவை சரியா விழுந்தா போதும், மேடையில அதே நோட்டு வாரத்துக்கு எட்டு தடவை வேணும், அதுவும் முதல் பாதி முழுக்க ஓடி ஆடிப் பாடினதுக்கு அப்புறமா. 1973 படத்துல ஜீசஸா நடிச்ச டெட் நீலியும் ராக் டிரம்மரா பாடகரா இருந்தவர்தான், அவர் 60 வயசு தாண்டியும் அதே ரோலோட ஊர் ஊரா டூர் போனாரு. அவரைப் பார்த்து கத்துக்க வேண்டியது அந்த அலறலை இல்ல, இத்தனை வருஷம் அந்தக் குரலை எப்படிக் காப்பாத்தி வெச்சிருந்தாருங்கிறதை.

அடுத்தது கரகரப்பு. ராக் குரலோட அழகே அதுதான், அதை விட்டுடுங்கன்னு சொல்லவே மாட்டேன். ஆனா தெரிஞ்சு பாடுறவங்களுக்கு அந்தக் கரகரப்பு பெரும்பாலும் குரல் நாணுக்கு மேல இருக்கிற தசை மடிப்புகள்ல இருந்து வருது, தெரியாதவங்க குரல் நாண் ரெண்டையும் போட்டு உரசி உரசி வரவழைக்கிறாங்க, வெளிய கேக்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், மூணாவது நாள்தான் வித்தியாசம் தெரியும். நான் ஒரு சின்ன அமெச்சூர் குழுவுல பாடினப்போ இப்படித்தான் ஆச்சு, ரெண்டு ஷோ எல்லாரும் கைதட்டினாங்க, மூணாவது ஷோ அன்னைக்கு காலையில வாயைத் திறந்தா வெறும் காத்துதான் வந்துச்சு. அப்போ நான் இன்னொரு தப்பும் சேர்த்து பண்ணேன், குரலுக்கு ரெஸ்ட் குடுக்கிறேன்னு நாள் பூரா குசுகுசுன்னு பேசினேன். குசுகுசு ரெஸ்ட் கிடையாது, பலருக்கு அது தொண்டையை இன்னும் இறுக்கும். பேசாம இருக்கிறதுதான் ரெஸ்ட். எழுதிக் காட்டுங்க, மெசேஜ் அனுப்புங்க.

அதனால கரகரப்பு எங்க வேணும்னு மூணு நாலு இடத்தை முன்னாடியே முடிவு பண்ணிக்கணும். மீதி இடமெல்லாம் சுத்தமா பாடுங்க. கோவம் உச்சத்துக்குப் போற இடத்துல மட்டும் அது வந்தா கேக்கிறவனுக்கும் அடி வயித்துல இறங்கும், முதல் வரியிலேர்ந்தே கரகரன்னு இருந்தா அது வெறும் சத்தம்.

இதுக்கு நேர் எதிரா ஒரு தப்பு இருக்கு, அதைப் பத்தி யாரும் அதிகம் பேசுறதில்ல. தியேட்டருக்கு வந்துட்டோம்னு பயந்து சொந்தக் குரலைத் தேய்ச்சு மழமழன்னு ஆக்கி ஒவ்வொரு வரி முடிவுலயும் விப்ராட்டோ (குரலை அதிர விடுறது) போட்டு, "மியூசிக்கல் குரல்"னு மனசுல இருக்கிற ஒண்ணை நகல் எடுக்கிறது. அய்யா, அந்தக் குரல் வேணும்னா நாடகம் போடுறவங்ககிட்ட நூறு பேர் இருக்காங்க, உங்களைக் கூப்பிட்டதே உங்க குரலுக்காக. 1996ல ரெண்ட் நாடகத்துல ரோஜரா வந்த ஆடம் பாஸ்கல் அதுக்கு முன்னாடி ராக் பாண்ட்ல பாடிட்டு இருந்தவர், ரோஜரும் கதையில ஒரு ராக் பாடகன்தான், அந்தக் குரல்ல இருந்த முரட்டுத்தனம்தான் அந்த ரோலுக்கே உயிர். ஆனா ரோல் வேற மாதிரி கேட்டா மாறத்தான் வேணும், லிண்டா ரான்ஸ்டாட் 1980ல நியூயார்க் சென்ட்ரல் பார்க்லயும் அடுத்த வருஷம் பிராட்வேலயும் பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ் பண்ணப்போ அது சுத்தமான சோப்ரானோ (உச்ச பெண் குரல்) ரோல், அவங்க ராக் பாட்டுல நெஞ்சுக்குரலை மேல தூக்கிப் பாடுற பெல்ட் அங்க செல்லாது, மெல்லிசான தலைக்குரல்ல பாடி டோனிங்கிற நாடக விருதுக்கு நாமினேஷன் வரைக்கும் போனாங்க. எந்த ரோலுக்கு எதை வெச்சுக்கணும் எதை விடணும்ங்கிறதை ரிகர்சல் முதல் வாரத்துலயே மியூசிக் டைரக்டர்கிட்ட உக்காந்து பேசிடுங்க.

சவுண்ட் விஷயத்துக்கு வர்றேன், இதுல பாண்ட் ஆளுங்க எல்லாருமே தடுக்கி விழறாங்க. கையில மைக் இருந்தா உச்ச நோட்டுக்கு தள்ளிப் பிடிப்பீங்க, மெதுவா பாடுற இடத்துல உதட்டோட ஒட்டி வெச்சுப்பீங்க, பாதி மிக்ஸிங் உங்க கைதான் பண்ணுது. தியேட்டர்ல மைக் நெத்தியில முடிக்குள்ள ஒளிஞ்சு இருக்கும், தூரம் மாறாது. பின்னாடி சவுண்ட் போர்டுல இருக்கிறவர் வரிக்கு வரி ஃபேடரை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பிடியை, தூக்கி இறக்கிட்டு இருப்பாரு, நீங்க நேத்து மெதுவா பாடின வரியை இன்னைக்கு மூடு வந்துச்சுன்னு கத்தினா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. அப்புறம் மானிட்டர், பாடுறவருக்கே அவர் குரலைக் கேக்க வைக்கிற ஸ்பீக்கர். அந்த நெத்தி மைக் வீல்னு கத்திடும்னு மேடையில உங்க குரலை உங்களுக்கே அதிகமா திருப்பி விட மாட்டாங்க. சுத்தி சத்தம் இருந்து தன் குரல் தனக்கே கேக்கலன்னா மனுஷன் தானாவே சத்தத்தைக் கூட்டுவான், காது செய்ற வேலை அது. அங்கதான் தொண்டை போகுது. காதை நம்பாம, மூச்சு எங்க இருக்கு தொண்டை எவ்வளவு தளர்வா இருக்குன்னு உடம்பை வெச்சே அளவு பார்க்கப் பழகணும், இதுக்கு வாரக்கணக்கு ஆகும்.

பாட்டை இழுத்துப் பாடுறது இன்னொண்ணு. பீட்டுக்கு கொஞ்சம் பின்னாடி வர்றது, நடுவுல ஒரு "ஏய்", கடைசி நோட்டை மனசு சொல்ற வரைக்கும் பிடிச்சு நிக்கிறது, கச்சேரியில டிரம்மர் உங்களைப் பார்த்து சமாளிச்சுப்பார். இங்க ஸ்டேஜ் மேனேஜர் ஸ்கோரைக் கையில வெச்சுட்டு ஒவ்வொரு லைட் மாறுறதும் செட் நகர்றதும் எந்த பார்ல (ஒரு தாளச் சுற்றுல) எந்த வார்த்தையிலன்னு கூப்பிட்டுட்டு இருப்பாங்க, நீங்க ஒரு பார் சேர்த்து இழுத்தா மேல இருந்து இறங்குற செட் இறங்கிடும். அது தலைக்கு மேல இருக்கிற விஷயம்ங்க, விளையாட்டு இல்ல. பால்கனி முன்பக்கம் கண்டக்டரைக் காட்டுற ஸ்கிரீன் பெரும்பாலும் இருக்கும், கண்ணை மூடிட்டு பாடினா அதுவும் தெரியாது. வார்த்தையை மாத்துறதும் கூடாது, எழுதினவங்க அனுமதி இல்லாம ஒரு சொல்லைக்கூட மாத்த லைசென்ஸ் இடம் குடுக்காது.

கண்ணை மூடுறதுன்னதும் நடிப்பு ஞாபகம் வருது. ராக் பாடகர் எதிர்ல இருக்கிற கூட்டத்துக்குப் பாடுறார், மியூசிக்கல்ல எதிர்ல ஒரு ஆள் நிக்கிறான், பாட்டு அவனுக்கு. சூப்பர்ஸ்டார்ல யூதாஸ் பாடுற முதல் பாட்டே ஒரு எச்சரிக்கை, நிலைமை கைமீறிப் போகுதுன்னு பயந்து ஜீசஸ்கிட்ட கெஞ்சுற பாட்டு. அதைக் குரலைக் காட்டுறதுக்காகப் பாடினா அந்தப் பயம் காணாமப் போயிடும், அப்புறம் அவன் காட்டிக் குடுக்கிறது ஏன்னே பார்க்கிறவனுக்குப் புரியாது. பாட்டு முடிஞ்சு கைதட்டல் வந்தா சிரிச்சு தலை குனியாதீங்க, அந்த நிமிஷமும் நீங்க யூதாஸ்தான்.

ரிகர்சல்ல எல்லா தடவையும் முழுக் குரல்ல பாடுறதும் வேண்டாம். லைட், சவுண்ட், செட் எல்லாம் சேர்த்துப் பார்க்கிற டெக் ரிகர்சல்ல 12 மணி நேரத்துல 10 மணி நேரம் வேலை நடக்கிற நாளெல்லாம் உண்டு, லைட்டுக்காக ஒரே வரியை இருபது தடவை போவாங்க. மெதுவா, இல்லன்னா ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழ பாடிட்டுப் போங்க, அதுக்கு மார்க்கிங்னு பேரு, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

முடியாத அன்னைக்கு முடியலன்னு சொல்லணும். பாண்ட்ல பாடகர் இல்லன்னா கச்சேரியே கேன்சல், அந்தக் குற்ற உணர்ச்சியை இங்க தூக்கிட்டு வராதீங்க, உங்க ரோலைக் கத்து வெச்சுட்டு தயாரா இருக்கிற அண்டர்ஸ்டடி இருக்கிறதே அதுக்குத்தான். வீங்கின குரல் நாணோட ஸ்டீராய்டு ஊசி போட்டுட்டு மேடை ஏறினா வீக்கம் குறையும், அடிபட்டது தெரியாது, அந்த நிலைமையில கத்தும்போது உள்ள ரத்தக்குழாய் வெடிச்சா வாரக்கணக்குல மௌனம்தான். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் மாதிரி மாத்திரை ரத்தக் கசிவுக்கான வாய்ப்பைக் கூட்டும், தொண்டை வலின்னு தானா வாங்கிப் போடாம டாக்டர்கிட்ட கேளுங்க. ஷோ முடிஞ்சு ராத்திரி 11 மணிக்கு பிரியாணி சாப்பிட்டு உடனே படுத்தா அமிலம் மேல ஏறி காலையில குரல் கட்டும், இதுவும் பலருக்கு நடக்குது.

ஒப்பந்தத்துலயும் புத்தியா இருங்க. கிரீன் டே பாண்டோட பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங், அவங்க பாட்டுகளை வெச்சு வந்த அமெரிக்கன் இடியட் மியூசிக்கல்ல தன் பாட்டுகளையே பாட பிராட்வே மேடை ஏறினப்போ ஹீரோ ரோல் எடுக்கல, செயின்ட் ஜிம்மிங்கிற கொஞ்ச நேர ரோல், 2010ல முதல்ல ஒரே வாரம் 8 ஷோ, அடுத்த வருஷம் 50 ஷோ. அது எனக்கு ரொம்ப நல்ல முடிவா படுது. பெரிய ரோல்னா வாரத்துல ஒண்ணு ரெண்டு ஷோவுக்கு வேற ஆள் பாடுற மாதிரி கேட்டுப் பாருங்க, ஃபேன்டம் ஆஃப் தி ஓபரால கிறிஸ்டீன் ரோலுக்கு ஆரம்பத்துலேர்ந்தே அப்படி ஒரு ஏற்பாடு இருந்துச்சு. அப்புறம் அந்த ஒரு நாள் லீவுல பழைய பாண்டோட ஒரு கச்சேரின்னு யாராவது கூப்பிடுவாங்க, கண்டிப்பா கூப்பிடுவாங்க, ரோல் முடியற வரைக்கும் வரலன்னு சொல்லிடுங்க.