ஸ்பிரிங் மாற்றி ஜீப்பை உயர்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரி தொடங்கிவிட்டால் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்து வயல் வீதிகள் ஜீப்பின் வயிற்றைத் தட்டும். கோடையில் அதே வேலையைப் புல்மோட்டைப் பக்கத்து மணல் தடங்கள் செய்யும். ஆகவே திருகோணமலையில் ஜிம்னி, ஹைலக்ஸ், பஜேரோ, டிஃபென்டர் வைத்திருப்பவர்கள் ஸ்பிரிங்கை மாற்றி இரண்டு அங்குலம் உயர்த்த நினைப்பது நியாயமான ஆசை. அந்த இரண்டு அங்குலத்தை வெறும் உயரமாகப் பார்ப்பதில்தான் பிழை தொடங்குகிறது. சேஸி 50 மில்லிமீற்றர் எழும்பினால் அதன் கீழுள்ள ஒவ்வொரு தண்டும் குழாயும் மூட்டும் வேறு கோணத்துக்குப் போய்விடும். ஸ்பிரிங் மாற்றுவது ஒரு நாள் வேலை. அந்தக் கோணங்களைச் சரிக்கட்டாமல் விட்டால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கெட்டுப்போகும்.

முதலில், எதை உயர்த்தப் போகிறீர்கள் என்று தெளிவாகுங்கள். ஜிம்னியின் இரண்டு அச்சுகளும் ஹைலக்ஸின் பின் அச்சும் ஒரே துண்டானவை. அங்கே ஸ்பிரிங் மாற்றினால் எழும்புவது சேஸியும் பாடியும் மட்டும்தான். டிஃப் உருண்டை (அச்சின் நடுவே பல்சக்கரங்களைக் கொண்ட புடைப்பு) நிலத்திலிருந்து பழைய உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்தக்கூடியது ரயர் ஒன்றுதான், அதுவும் விட்டம் கூடியதில் பாதியளவு. ஜிம்னியின் 195/80 ஆர்15 ரயருக்கு விட்டம் ஏறக்குறைய 693 மி.மீ., 235/75 ஆர்15 ரயருக்கு 733 மி.மீ. நாற்பது மில்லிமீற்றர் பெரிய ரயர் போட்டு டிஃபுக்குக் கிடைப்பது இருபது. வேகமானி முன்பு சரியாகக் காட்டியிருந்தால், இனி அது 60 காட்டும்போது உண்மையில் 63-க்கு மேல் ஓடிக்கொண்டிருப்பீர்கள். மரக்குற்றி டிஃபில் இடிக்கிறதா, வரம்பு பம்பரில் இடிக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

அளக்காமல் ஸ்பிரிங் வாங்குவது அடுத்த தவறு. நிலத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளப்பவர்கள் அநேகம். ரயர் தேய்ந்திருந்தாலும் காற்றுக் குறைந்திருந்தாலும் அந்த அளவு மாறும். சக்கர நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பின் கீழ்ப்பக்கம் வரை, நான்கு மூலையிலும், சமமான சீமெந்துத் தரையில் வைத்து அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் தாங்கியில் எவ்வளவு இருந்தது என்பதையும் குறியுங்கள். பழைய ஸ்பிரிங் ஏற்கனவே 20, 30 மி.மீ. தளர்ந்திருந்தால், "50 மி.மீ. உயர்த்தும்" என்று விற்கும் புதிய ஸ்பிரிங் உங்கள் வண்டியை 70, 80 மி.மீ. உயர்த்திவிடும். அந்த 50 தொழிற்சாலை உயரத்திலிருந்து கணக்கிட்டது.

ஸ்பிரிங்கை உயரம் சொல்லிக் கேட்காதீர்கள், சுமை சொல்லிக் கேளுங்கள். ஒரே உயரத்துக்கே வெறும் வண்டிக்கு ஒன்று, நிரந்தரமாக 100 கிலோ ஏற்றுவதற்கு ஒன்று, 300 கிலோவுக்கு ஒன்று என்று தரம் உண்டு. முன்னால் இரும்பு பம்பரும் வின்சும் (கம்பிவடம் சுற்றி இழுக்கும் கருவி) இல்லாத வண்டிக்கு அவற்றைத் தாங்கும் ஸ்பிரிங்கைப் போட்டால் அது கேட்டதைவிட உயர எழும்பி, கல்லுப் போல நிற்கும். பாரமான பிளேட் (தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்) போட்ட ஹைலக்ஸ் வெறும் பெட்டியோடு ஈர வீதியில் மேடு பள்ளத்தில் ஏறினால் பின்சக்கரம் நிலத்தை விட்டுத் துள்ளும். அந்த நேரம் பிரேக்கில் கால் வைத்தால் பின்பக்கம் வழுக்கும். கிழமையில் ஒருநாள் ஏற்றும் சுமைக்காக ஆறு நாளைக் கெடுக்க வேண்டாம்.

பிளேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, இங்கே அதிகம் நடக்கும் பிழை அதில்தான். புதிய பிளேட் விலை என்று பழையதைக் கழற்றிக் கொல்லன் பட்டறையில் சிவக்கக் காய்ச்சி, அடித்து, வளைவு கூட்டிக் கொண்டுவருகிறார்கள். ஸ்பிரிங் இரும்பின் பலம் அதன் வளைவில் இல்லை. தொழிற்சாலையில் அதைச் சூடாக்கி, எண்ணெயில் சட்டென்று குளிரவைத்து, மீண்டும் அளவான சூட்டில் பதப்படுத்துகிறார்கள். பலம் அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. உலையில் சிவந்த கணமே அது போய்விடும். காற்றில் ஆறவிட்டால் இரும்பு மிருதுவாகிச் சில மாதத்தில் பழையபடி படுத்துவிடும். தண்ணீரில் முக்கினால் கண்ணாடி போல முறுகி, ஒரு குழியில் தட்டென்று முறியும். பிளேட் முறிந்தால் அச்சு ஒருபக்கம் பின்வாங்கி வண்டி தானாகத் திரும்பும். காசு போதாவிட்டால் இன்னும் ஆறு மாதம் பொறுத்துப் புதிய பிளேட் தொகுதியாகவே வாங்குங்கள்.

பிளேட்டை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்டையும் பழையதைத் திரும்பப் போடக்கூடாது. ஒருமுறை முறுக்கிய யூ போல்ட் இழுபட்டு, மரை நீண்டிருக்கும். மறுமுறை இறுக்கினால் இறுகியது போலத் தோன்றும், பிடி இராது. பிளேட்டின் நடுப் போல்ட்டின் தலை அச்சு இருக்கையிலுள்ள குழியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே இறுக்குங்கள். அது விளிம்பில் ஏறி நின்றால் அச்சு கோணலாகப் போகும். நான்கு நட்டையும் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக, வண்டியின் கைநூல் சொல்லும் முறுக்கு அளவுக்கு இறுக்க வேண்டும். பிளேட்டின் நுனியைச் சேஸியோடு பிணைக்கும் ஷக்கிளை நீளமானதாகப் போட்டு உயர்த்துவது மலிவான வழி. ஆனால் ஷக்கிள் 50 மி.மீ. நீண்டால் உயரம் 25 தான் கூடும், அச்சும் சுழன்று டிஃபின் மூக்கு திரும்பும். முன் பிளேட்டுக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்துவதை ஒருபோதும் ஏற்காதீர்கள். பிரேக் பிடிக்கும்போது அந்தக் கட்டை நழுவிவிடும்.

ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் பழைய சொக்கை அப்படியே விட்டால் நடப்பதை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். நிற்கும் உயரத்திலிருந்து சக்கரம் கீழே தொங்க முன்பு 90 மி.மீ. இடம் இருந்தது என்று வையுங்கள். வண்டியை 50 உயர்த்தினால் மிச்சம் 40. ஒவ்வொரு குழியிலும் சொக் முழுதாக நீண்டு "டக்" என்று அடிக்கும். கடைசியில் சொக்கின் கண்ணிலுள்ள ரப்பர் புஷ்ஷோ அதைப் பிடிக்கும் தாங்கியோ கழன்றுவிடும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: மிக நீளமான சொக்கைப் போட்டால், சக்கரம் மேலே போகும்போது ரப்பர்த் தடுப்பான பம்ப் ஸ்டொப்பைத் தொடுமுன் சொக்கின் உள்ளே அடி முட்டிவிடும். சக்கரம் தொங்கும்போது கொயில் (சுருள் ஸ்பிரிங்) இருக்கையை விட்டுத் தளர்ந்து விலகவும் கூடும்.

சரியான நீளத்தை ஊகிக்கத் தேவையில்லை. கொயிலை வெளியே எடுத்துவிட்டு, அச்சை ஜக்கால் பம்ப் ஸ்டொப் நசுங்கும் வரை உயர்த்தி, சொக்கின் மேல் தாங்கிக்கும் கீழ்த் தாங்கிக்கும் இடையே அளவுங்கள். சொக் முழுதாக மடங்கிய நீளம் அதைவிடக் குறைந்தது 10 மி.மீ. சிறியதாக இருக்க வேண்டும். பிறகு அச்சை மெல்ல இறக்கி, பிரேக் ஹோஸ் இழுபடத் தொடங்குவதற்குச் சற்று முன் நிறுத்தி மறுபடி அளவுங்கள். சொக்கின் முழு நீளம் அந்த அளவைத் தாண்டக்கூடாது. தாண்டினால், சக்கரம் தொங்கும் ஒவ்வொரு தடவையும் சொக்குக்குப் பதிலாகப் பிரேக் ஹோஸ்தான் அச்சின் பாரத்தைத் தாங்கும்.

பிரேக்கைப் பற்றி இன்னும் இருக்கிறது. அச்சு முழுதாகத் தொங்கும்போது ஸ்டியரிங்கை இடம், வலம் என்று கடைசி வரை திருப்பி, ஹோஸ் கொடிக்கயிறு போல இறுகுகிறதா என்று பாருங்கள். ஏபிஎஸ் வயரையும் டிஃபின் மூச்சுக் குழாயையும் அதேபோலப் பாருங்கள். மூச்சுக் குழாய் கழன்றது வெளியே தெரியாது. ஆனால் சூடான டிஃப் வெள்ளத்தில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது உள்ளே தண்ணீரை உறிஞ்சும். ஒருநாள் எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் வரும்.

பெரும்பாலோர் கவனிக்காத பாகம் ஒன்று ஹைலக்ஸ் போன்ற பல வாகனங்களின் பின்பக்கத்தில் உண்டு. சேஸியில் ஒரு பிரேக் வால்வும் அதிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஒரு மெல்லிய தண்டும் இருக்கும். சுமை ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால், அந்தத் தண்டு வால்வைத் தள்ளிப் பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். வண்டியை உயர்த்தியதும் வால்வு "பெட்டி வெறுமை" என்றே எடுத்துக்கொள்ளும். நெல் மூட்டை ஏற்றினாலும் பின் பிரேக் பாதிதான் பிடிக்கும், முன் பிரேக் சூடேறும், நிற்கும் தூரம் நீளும். அச்சுப் பக்கத்துத் தாங்கியை எவ்வளவு உயர்த்தினீர்களோ அவ்வளவு உயர்த்திக் கட்டுவதே சரியான பரிகாரம். தண்டைக் கம்பியால் இழுத்துக் கட்டி எப்போதும் முழு அழுத்தம் விடச் செய்பவர்களும் உண்டு. அது உயிரோடு விளையாடுவது: வெறும் வண்டி மழையில் பிரேக் போட்ட இடத்திலேயே சுழன்றுவிடும்.

இனி ஸ்டியரிங். சைக்கிளின் முன் கவடு பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜீப்பின் முன் சக்கரமும் அதேபோலச் சாய்ந்த அச்சிலேதான் திரும்புகிறது. அந்தச் சாய்வுக்குக் காஸ்டர் என்று பெயர், திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது அதனால்தான். ஜிம்னி, டிஃபென்டர் போன்றவற்றில் முன் அச்சை இரண்டு நீளத் தண்டுகள் பிடித்திருக்கும். தண்டு ஒரு மீற்றர் நீளமென்றால், 50 மி.மீ. உயர்த்தும்போது அச்சு ஏறக்குறைய 2.9 பாகை சுழலும். இப்படியான ஜீப்புகளுக்குத் தொழிற்சாலை வைத்திருப்பதே ஒருசில பாகைதான், ஆகவே போவது பெரும்பங்கு. ஸ்டியரிங் இலேசாகிவிட்டது என்று முதலில் மகிழ்ச்சியாக இருக்கும். 80-இல் போகும்போது வண்டி வீதியெங்கும் அலையும். நடுவிலகிய துளையுள்ள காஸ்டர் புஷ் அல்லது திருத்தத் தகடு போட்டு அந்தச் சாய்வை மீட்க வேண்டும். சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே பார்க்கும் அளவான ‘டோ’வை மட்டும் திருத்தும் அலைன்மன்ட் இதைச் சரிசெய்யாது.

பன்ஹார்ட் தண்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அச்சை இடம் வலம் போகாமல் பிடிப்பது அதுதான். 900 மி.மீ. நீளத் தண்டு முன்பு 100 மி.மீ. சரிவில் இருந்து, இப்போது 150 சரிவுக்குப் போனால், அச்சு 7 மி.மீ. ஒருபக்கம் நகரும். எந்தப் பக்கம் தண்டு சேஸியில் பூட்டியிருக்கிறதோ அந்தப் பக்கம். நீளம் கூட்டிக் குறைக்கக்கூடிய தண்டு போட்டால் தீரும். தாங்கியைக் கீழே இறக்கி வைப்பதென்றால் ஸ்டியரிங் தண்டையும் அதே அளவு இறக்குங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டியரிங் கையில் தானாகத் திரும்பும். வேலை முடிந்தபின் ஸ்டியரிங் வளையம் கோணலாக நின்றால், வளையத்தைக் கழற்றி நேராக்காதீர்கள். ஸ்டியரிங் பெட்டி நடுவில் நிற்காது, ஒருபக்கம் வட்டம் குறைவாகவே எடுக்கும். தண்டின் நீளத்தைத்தான் திருத்த வேண்டும்.

முன்பக்கம் தனித்தனிச் சக்கரமாகத் தொங்கும் வாகனங்களில் கணக்கே வேறு. சொக்கும் கொயிலும் சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கையின் நடுவில் நிற்பதால், மேலே 25 மி.மீ. வளையம் வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய 50 உயரும். இதை அறியாமல் 50 மி.மீ. வளையம் வாங்கினால் சக்கரத்தைச் சுழற்றும் ட்ரைவ் ஷாஃப்ட்டின் மூட்டு அளவுக்கு மீறி மடங்கும், ரப்பர் உறை கிழியும், அதற்குள் மணல் போனால் மூட்டு சீக்கிரம் முடிந்துவிடும். 40 முதல் 50 மி.மீ. உயரத்தோடு நிறுத்துங்கள். கொயிலுக்குப் பதிலாக முறுக்குத் தண்டு வைத்த பழைய ஹைலக்ஸிலும் பஜேரோவிலும் திருகியை முறுக்கி உயர்த்துவது ஸ்பிரிங் மாற்றியதாகாது. தொங்கும் இடத்தைத் தின்று உயரத்தைத் தருவது, அவ்வளவே.

வேலை நாளுக்கு மூன்று நாள் முன்பே, கடற்கரை ஓடும் வண்டியின் எல்லாப் போல்ட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடியுங்கள். நிலாவெளி உப்புக் காற்றில் போல்ட்டும் புஷ்ஷின் உள் இரும்புக் குழலும் ஒன்றாகத் துருப்பிடித்து ஒட்டிவிடும். நட்டு கழன்றாலும் போல்ட் வராது, சுத்தியலால் அடித்தால் புஷ்தான் கிழியும். புதிய போல்ட் கையில் இல்லாமல் பழையதை வெட்டத் தொடங்காதீர்கள். வண்டியை மண்ணில் வைத்துத் தூக்க வேண்டி வந்தால், ஜக்கின் கீழ் அகலமான பலகை போட்டு, சேஸியின் கீழ் தாங்கி வைத்த பிறகே அடியில் போங்கள். சொக்கோடு சேர்ந்த கொயிலை அழுத்தும் கருவியின் இரண்டு கொக்கிகளும் நேரெதிராக இருக்க வேண்டும். காற்றழுத்தத்தில் ஓடும் முறுக்கும் கருவியால் முறுக்க வேண்டாம், கையால் மாறி மாறி முறுக்குங்கள். கழன்ற கொயில் முகத்தில் பட்டால் திரும்பச் சரிசெய்ய முடியாது.

கொயிலின் நுனி இருக்கையிலுள்ள படியில் முட்டி உட்கார வேண்டும். வலமும் இடமும் வேறு நீளமென்றால் சாரதி பக்கத்துக்கானது எதுவென்று பட்டையைப் படியுங்கள். புஷ் போல்ட்டுகளை ஜக்கில் தொங்கும்போது கடைசி வரை இறுக்கிவிடுவதுதான் பெரும்பாலான கராஜ்களில் நடக்கும் பிழை. ரப்பர் தொங்கும் கோணத்தில் பிடிபட்டு, வண்டி இறங்கியதும் எந்நேரமும் முறுகியே நிற்கும், ஒரு மாரிக்குள் வெடிக்கும். நட்டைக் கையால் பூட்டி, வண்டியை நான்கு சக்கரத்திலும் நிறுத்தி, முன்னும் பின்னும் சில அடி உருட்டி, நாலைந்து தரம் குலுக்கிய பிறகே இறுக்குங்கள்.

புதிய ஸ்பிரிங் முதல் 500 முதல் 1000 கிலோமீற்றருக்குள் சில மில்லிமீற்றர் படியும். அதன்பின் நான்கு மூலை உயரத்தையும் மறுபடி அளந்து, யூ போல்ட்டுகளைத் திரும்ப இறுக்கி, அலைன்மன்ட் பாருங்கள். 60, 80-இல் நடுக்கம் வந்தால் ரயரைக் குறை சொல்லுமுன் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப் ஷாஃப்ட்டின் இரு முனைக் கோணங்களையும் அளவுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் அறிவியுங்கள்.

கடைசியில் ஹெட்லைட். வண்டியைச் சுவரிலிருந்து ஐந்து மீற்றர் தள்ளிச் சமதரையில் நிறுத்தி, ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் நடுவைவிட எவ்வளவு கீழே விழுகிறது என்று வேலைக்கு முன்பே சுவரில் குறியுங்கள். வேலை முடிந்தபின் புதிய விளக்கு உயரத்திலிருந்து அதே அளவு கீழே விழும்படி திருகுங்கள். முன்பக்கம் கூடுதலாக எழும்பிய வண்டியின் ஒளி மரக்கிளையைக் காட்டும். கந்தளாயிலிருந்து ஹபரணைக்கு இரவில் போகும்போது யானை நிற்பது வீதியில்.