விமானத்தைக் காணோமா? ஃபார்வர்ட் பண்ணுவதற்கு முன்னால் கொஞ்சம் இருங்கள்

2014 மார்ச்சில் மலேசியா ஏர்லைன்ஸின் எம்எச்370 விமானம் காணாமல் போன அந்த ஒரே வாரத்தில், காட்பாடியில் எங்கள் தெருமுனை டீக்கடையில் மட்டும் அந்த விமானம் மூன்று ஊரில் தரை இறங்கியது. "பெட்ரோல்தான் கீதில்ல, எங்கனா இறக்கி வச்சிருப்பாம்பா" என்று கடைக்கார அண்ணன் அதை டியகோ கார்சியா தீவில் இறக்கினார், பால் ஊற்ற வந்தவர் காந்தஹாரில் இறக்கினார், நான் என் பங்குக்கு அந்தமானில் இறக்கினேன். மூன்று பேரும் தப்பு. ஊகிக்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஊகிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது, அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் கருவி பதிவு செய்தது, வலது பக்கம் யாரோ சொன்னது. எம்எச்370-க்கு இடது பக்கம் இப்படி இருக்கும் (எல்லாம் மலேசிய நேரம்): மார்ச் 8, நள்ளிரவு தாண்டி 12:42-க்கு 239 பேருடன் கோலாலம்பூரில் இருந்து பெய்ஜிங்குக்குக் கிளம்பியது. 1:19-க்கு விமானி அறையில் இருந்து கடைசிப் பேச்சு. இரண்டு நிமிஷத்தில் தென்சீனக் கடல் மேலே டிரான்ஸ்பாண்டர், அதாவது நான் இன்ன விமானம் என்று தரைக்குச் சொல்லும் கருவி, நின்றது. அப்புறம் ராணுவ ரேடாரில் மட்டும் தெரிகிறது, திரும்பி மலேசியாவைக் குறுக்கே தாண்டி மலாக்கா ஜலசந்திப் பக்கம் போகிறது, 2:22-க்கு அதிலும் மறைகிறது. செயற்கைக்கோளுக்குக் கடைசி சிக்னல் 8:19. அவ்வளவுதான் இடது பக்கம். மீதி எதை எழுதினாலும் வலது பக்கம்தான், அரசாங்கமே சொல்லியிருந்தாலும்.

ஏன் அரசாங்கத்தையும் சேர்க்கிறேன் என்றால், அந்தக் கடைசிப் பேச்சையே பாருங்கள். "ஆல் ரைட், குட் நைட்" என்று சொன்னதாக முதலில் அறிவித்தார்கள், ஏன் அப்படிச் சாதாரணமாகச் சொன்னார், குரலில் என்ன தொனி என்று உலகமே அலசியது. மாதக் கடைசியில் திருத்தம் வந்தது, உண்மையில் சொன்னது "குட் நைட், மலேசியன் த்ரீ செவன் ஸீரோ". சொல்லாத வார்த்தைக்கு மூன்று வாரம் பொழிப்புரை எழுதியிருக்கிறோம். முதல் வாரத்துச் செய்திகள் பெரும்பாலும் இப்படித்தான். கடலில் பார்த்த எண்ணெய்ப் படலம் கப்பல் எண்ணெய் என்று சோதனையில் தெரிந்தது, சீன செயற்கைக்கோள் படத்தில் இருந்த மூன்று பொருட்கள் போய்ப் பார்த்தால் இல்லை, திருட்டு பாஸ்போர்ட்டில் ஏறிய இருவர் ஐரோப்பாவில் அடைக்கலம் தேடிப் போன இரானியர்கள். அதனால் முதல் வாரம் வலது பக்கத்தைப் பென்சிலில் எழுதுங்கள்.

இது மலேசியாக்காரன் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம், நம்ம பக்கமே நடந்திருக்கிறது. 2016 பிப்ரவரியில் நாட்றம்பள்ளி பக்கம் ஒரு கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்து பஸ் டிரைவர் ஒருவர் இறந்துபோனார். விண்கல் என்று அரசே அறிவித்தது, உலகம் முழுக்க தலைப்புச் செய்தி. படங்களைப் பார்த்த நாசா, இது தரையில் நடந்த வெடிப்பு மாதிரிதான் இருக்கிறது என்றது. ஆனால் இன்றைக்கும் "விண்கல் விழுந்த ஊர்" என்றுதான் பலர் சொல்கிறார்கள்.

"ரேடார் ஆப்பில் பார்த்தேன், பட்டென்று மறைஞ்சிடுச்சு" என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம். ஃபிளைட்ரேடார்24 மாதிரி ஆப்புகள் பெரும்பாலும் தரையில் இருக்கும் ரிசீவர்களை நம்பித்தான் ஓடுகின்றன. நடுக்கடலில் ரிசீவர் ஏது? சென்னையில் கிளம்பி வங்காள விரிகுடா மேலே போகும் விமானத்தை ஒருநாள் தொடர்ந்து பாருங்கள், படத்தில் அது காணாமல் போகலாம், அப்புறம் அந்தப் பக்கம் சமர்த்தாக வந்து சேரும்.

இப்போது செயற்கைக்கோள் விஷயம். எல்லோரும் சண்டை போடுவது இங்கேதான், அதனால் ஒரு காம்பஸ் எடுத்து வாருங்கள், பையன் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும். விமானம் பேச்சை நிறுத்திய பிறகும் அதன் செயற்கைக்கோள் கருவி மணிக்கு ஒருதரம் "இருக்கிறாயா?" "இருக்கிறேன்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பதில் வர எத்தனை நேரம் ஆனது என்பதை வைத்து செயற்கைக்கோளில் இருந்து எவ்வளவு தூரம் என்று தெரியும், எந்தத் திசை என்று தெரியாது. காட்பாடி ஜங்ஷனில் முள்ளை ஊன்றி முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே ஒரு வட்டம் போடுங்கள். வடக்கே சித்தூரும் மேற்கே குடியாத்தமும் ஏறக்குறைய அதே வட்டத்தில் வரும். பைக்கில் போன மச்சான் அந்த வட்டத்தில் இருக்கிறான் என்று மட்டும் தெரிந்தால், அவன் ஆந்திராவில் இருக்கிறானா, குடியாத்தத்தில் இருக்கிறானா? இதனால்தான் மலேசியப் பிரதமர் மார்ச் 15 அன்று இரண்டு வழி சொன்னார், வடக்கே கஜகஸ்தான் வரை ஒன்று, தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஒன்று.

அப்படியானால் தெற்கு என்று எப்படி முடிவு செய்தார்கள்? ராத்திரி எங்கள் மொட்டை மாடியில் நின்றால், கூட்ஸ் வண்டி ஸ்டேஷனில் நிற்காமல் ஹாரன் அடித்துக்கொண்டே போவது கேட்கும். வரும்போது சத்தம் கீச்சென்று இருக்கும், தாண்டிப் போனதும் கனத்துவிடும். கண்ணை மூடிக்கொண்டே வருதா போகுதா என்று சொல்லிவிடலாம். அதே மாதிரி சிக்னலின் அலைவரிசை எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு, மற்ற விமானங்களின் பதிவோடு ஒப்பிட்டார்கள், தெற்குப் பாதைதான் பொருந்தியது. ஏழரை மணி நேரத்துக்குத்தான் எரிபொருள் இருந்தது, 8:19 சிக்னலும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். ஆகவே காந்தஹார், கஜகஸ்தான் என்று யாராவது ஆரம்பித்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: சரி, 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் ஒதுங்கிய இறக்கைத் துண்டு அங்கே எப்படிப் போனது? அந்தத் துண்டு (ஃபிளாப்பரான் என்பார்கள்) இந்த விமானத்தினுடையதுதான் என்று உறுதி செய்துவிட்டார்கள். ஒரு கதை சரியாக வர எத்தனை கருவிகள் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், இரண்டுக்கு மேல் போனால் நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

"பயணிகளோட போன் ரிங் போச்சாமே" என்பதும் வலது பக்கம்தான். நீங்கள் கேட்கும் அந்த ட்ரிங் ட்ரிங் நெட்வொர்க் உங்களுக்குப் போட்டுக் காட்டுவது, எதிர்முனையில் போன் அடிக்கிறது என்று அர்த்தமில்லை.

கேப்டனே செய்துவிட்டார் என்ற பேச்சு வரும்போது மட்டும் நிதானம் தேவை. அவர் வீட்டில் விமானம் ஓட்டிப் பழக வைத்திருந்த சிமுலேட்டரில் தெற்கு இந்தியப் பெருங்கடல் வரை போகும் ஒரு பாதை இருந்தது உண்மை. விமானம் திரும்பியது கையால் இயக்கித்தான் என்று 2018 இறுதி அறிக்கை சொல்வதும் உண்மை. ஆனால் அதே அறிக்கை காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்றும், மூன்றாம் ஆள் தலையீட்டைத் தள்ளிவிட முடியாது என்றும் எழுதியிருக்கிறது. முதல் இரண்டை மட்டும் வெட்டி ஒட்டுகிறவர்கள்தான் அதிகம்.

கூகுள் மேப் படம் என் சித்தி மூலமாக வந்தது. கம்மவான்பேட்டையில் இருக்கிறார், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உள்ள ஊர். "டேய், கம்போடியா காட்டுல கெடச்சிடுச்சாம், பாரு." யார் அனுப்பினது, சித்தி என்றேன். "ஆற்காட்டு அத்தை." அவங்களுக்கு? "அது எனக்கு இன்னா தெரியும், எல்லாருக்கும் வந்துகீது." படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் என்றேன். மேலே இருந்து படம் எடுக்கும்போது பறந்துகொண்டிருக்கும் விமானமும் சேர்ந்து விழுந்துவிடும். சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகக் கண நேரம் தள்ளிப் பதிவானால், ஓடும் விமானத்தின் ஓரத்தில் வண்ண நிழல்கள் வரும். தரையில் கிடக்கும் விமானத்துக்கு அது வராது.

ஏன் இவ்வளவு நாளாகியும் கிடைக்கவில்லை என்பதற்குச் சதி தேவையில்லை. 2017 ஜனவரி வரை தேடிய கடலடி 1,20,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டை விடக் கொஞ்சம்தான் சின்னது, சில இடங்களில் ஆறு கிலோமீட்டர் ஆழம். 2018-ல் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம் இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் தேடியது. 2025-ல் மறுபடி ஒப்பந்தம் போட்டார்கள், 15,000 சதுர கிலோமீட்டருக்கு, கிடைத்தால் மட்டும் 7 கோடி டாலர்.

கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நிஜமாகவே செய்தி வந்தால் அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நம்ம கடலையே பாருங்கள். 2016 ஜூலை 22 தாம்பரத்தில் இருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் போன விமானப்படையின் ஏஎன்-32 சரக்கு விமானம் காணாமல் போனது. சித்தியின் ஊரில் அந்த வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. 2024 ஜனவரியில்தான் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில் சிதைவுகள் தெரிந்தன என்று அறிவித்தார்கள்: சென்னைக் கரையில் இருந்து சுமார் 310 கிலோமீட்டர், 3,400 மீட்டர் ஆழம். எந்தக் கருவி, எவ்வளவு ஆழம், எங்கே, யார் சரிபார்த்தது, எல்லாம் அதில் இருந்தது. அதைச் சித்திக்கு அனுப்பினேன். அரை மணி கழித்து பதில் வந்தது: "இது என்னைக்கு எடுத்த போட்டோடா?"