வலிப்பு: வகை தெரிந்தால்தான் மாத்திரை சரியாக அமையும்

வலிப்பு வந்தவரை மருத்துவரிடம் அழைத்துப் போகும் நேரத்தில் அவர் பெரும்பாலும் நன்றாகவே இருப்பார். உடம்பைப் பரிசோதித்தால் ஒன்றும் பிடிபடாது. மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் ஈஈஜி பரிசோதனையும் பல பேருக்கு இயல்பாகவே வரும். அதனால் வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. நோய் முக்கால்வாசி கண்டுபிடிக்கப்படுவது பக்கத்தில் இருந்தவர் சொல்வதை வைத்துத்தான். 'கை கால் இழுத்துச்சு, நுரை தள்ளுச்சு' என்பது போதாது. பல வகை வலிப்பும் முற்றினால் அப்படித்தான் தெரியும். தொடங்கிய முதல் சில விநாடிகளில் என்ன நடந்தது என்பதே முக்கியம்.

தலை எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் வெட்டியது, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, கூப்பிட்டதற்குப் பதில் வந்ததா, எழுந்த பிறகு நாக்கின் ஓரம் கடிபட்டிருந்ததா என்று குறித்து வையுங்கள். நேரத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்லுங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தெரியும். இன்னொருவர் கூட இருந்தால் முகமும் இரண்டு கைகளும் தெரிகிற மாதிரி போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஈஈஜிக்குப் போகும்போது எண்ணெய் வைக்காமல் தலை குளித்துவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் மின்முனை ஒட்டாது.

மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்பு ஒரு வகை. பெரியவர்களிடம் அதிகம் பார்ப்பது பொட்டு மடலில், அதாவது காதை ஒட்டிய பக்கவாட்டு மூளைப் பகுதியில் தொடங்குவது. வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறுகிற மாதிரி இருக்கும். பிறகு வெறித்த பார்வை, வாயை மெல்லுவது, சட்டைப் பித்தானையோ முந்தானையையோ திருகிக்கொண்டே இருப்பது. ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்து, கொஞ்ச நேரம் குழம்பிப் போய் இருப்பார். கீழே விழாததால் வீட்டில் இதை வலிப்பு என்று நினைப்பதே இல்லை. வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போவதும் நடக்கிறது.

இரண்டு பக்க மூளையிலும் ஒரே சமயத்தில் எழுவது இன்னொரு வகை. உடம்பு விறைத்து வெட்டும் பெரிய வலிப்பு எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது இரண்டு. பள்ளிப் பிள்ளை ஐந்து முதல் பதினைந்து விநாடி சிலையாக நின்றுவிட்டு, விட்ட இடத்தில் தொடரும். ஒரு நாளில் பல தடவை வரும், 'வகுப்பில் கவனமில்லை' என்று புகார் வரும். மூன்று நிமிடம் வேகமாக மூச்சு இழுத்துவிடச் சொன்னால் மருத்துவர் எதிரிலேயே வந்துவிடும். மற்றது வளரிளம் பருவத்தில் தொடங்கும்: காலையில் எழுந்ததும் கை வெட்டி, காபி டம்ளரோ பிரஷ்ஷோ தெறிக்கும். பரீட்சைக்கோ திருவிழாவுக்கோ கண் விழித்த மறுநாள் பெரிய வலிப்பு வரும். டம்ளர் விஷயத்தைக் கேட்டால்தான் சொல்வார்கள். இந்த இரண்டு வகைக்கும் கார்பமசெபின், ஃபெனிடாய்ன் ஆகிய வலிப்பு மருந்துகளைக் கொடுத்தால் வலிப்பு கூடவே செய்யலாம்.

தென்னிந்தியாவில் அதிகம் பேசப்படும் ஒன்றும் உண்டு: தலையில் சுடுதண்ணீர் ஊற்றும்போது வரும் வலிப்பு. தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, தலைக்குத் தனியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாலே பல பேருக்கு நின்றுவிடும். சிலருக்குக் குளிப்பதற்கு முன் குளோபசாம் என்ற வலிப்பு மாத்திரை தருவார்கள்.

வலிப்பு வரும்போது செய்ய வேண்டியது குறைவுதான். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துணி வையுங்கள். கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். பெரும்பாலான வலிப்பு ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும். கையில் கொடுத்த சாவிக்குப் பேர் கிடைப்பது இதனால்தான். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். வலிப்பை நிறுத்தும் மிடசோலம் மூக்கு ஸ்ப்ரே வீட்டில் இருந்தால் அப்போதே அடிக்க வேண்டும். வழக்கமான அளவு கிலோவுக்கு 0.2 மி.கி. ஆனால் ஒரு அழுத்தலில் 0.5 மி.கி. வருவதும் இருக்கிறது, 1.25 மி.கி. வருவதும் இருக்கிறது. 20 கிலோ பிள்ளைக்கு முதலாவதில் எட்டு அழுத்தல், இரண்டாவதில் மூன்று. இந்த வித்தியாசத்தில்தான் தவறு நடக்கிறது. எத்தனை அழுத்தல் என்று மருத்துவரிடம் கேட்டுப் பாட்டில் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள், எடை கூடக்கூட மாற்றுங்கள்.

மருந்தில் பத்தில் ஏழு பேருக்கு வலிப்பு கட்டுப்படும். கட்டுப்படாதவர்களில் பலர் மருந்தைச் சரியாகப் போடாதவர்களே. இரண்டு வேளை மருந்தில் ஒன்று விட்டுப்போய், சில மணி நேரத்தில் நினைவு வந்தால் போட்டுவிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரட்டையாகப் போடக் கூடாது. லெவெடிராசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கொண்டுவரும், இதை மருத்துவரிடம் சொல்லாமலே நிறுத்திவிடுகிறார்கள். ஃபெனிடாய்னில் ஈறு வீங்கும். கார்பமசெபின், லாமோட்ரிஜின் தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் காய்ச்சலோடு தடிப்பு, வாய்ப்புண் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு தரும் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம். குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு வேறு மருந்து முடியுமா என்று கல்யாணப் பேச்சுக்கு முன்பே கேளுங்கள். கர்ப்பமான பிறகு தானாக நிறுத்துவது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

எம்ஆர்ஐயில் நாடாப்புழுக் கட்டி தெரிந்தால் ஆல்பெண்டசோல் என்ற புழு மருந்தும் ஸ்டீராய்டும் சேர்த்துத் தரலாம். இந்தப் புழுவின் முட்டை, கழுவாத கீரை, அசுத்தக் கைகள் வழியாகவும் உடம்புக்குள் வரும், சைவர்களுக்கும் வருகிறது.

சரியான இரண்டு மருந்து, சரியான அளவில் கொடுத்தும் நிற்காவிட்டால் மூன்றாவது, நான்காவது என்று வருடக்கணக்கில் ஓட்டாமல் அறுவை சிகிச்சைக்கு ஏற்றவரா என்று பார்க்க வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1995 முதல் இது நடக்கிறது. பொட்டு மடலில் தழும்பு இருப்பவர்களில் பத்தில் ஆறேழு பேருக்கு வலிப்பு நின்றுவிடுகிறது. அறுவை சிகிச்சை முடியாத குழந்தைகளுக்குக் கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவு, மருத்துவமனைக் கண்காணிப்பில்.

இரண்டு வருடம் வலிப்பே வராதவர்களுக்கு மருந்தைக் குறைக்கலாமா என்று பேசலாம். காலையில் கை வெட்டும் வகைக்குப் பெரும்பாலும் நிறுத்த முடியாது. குறைப்பதென்றால் மாதக்கணக்கில், ஒரு நேரத்தில் ஒரு மருந்து. குளோபசாமும் ஃபீனோபார்பிட்டோனும் இன்னும் மெதுவாக. மருந்தைக் குறைக்கும் காலத்தில் வண்டி ஓட்டுவது, தனியாகக் கிணற்றிலோ குளத்திலோ இறங்குவது, ஏணி ஏறுவது வேண்டாம். குளியலறைக் கதவையும் தாழிடாமல் குளிக்கச் சொல்லுங்கள்.